நான்காவது குவார்ட்டர் – அத்தியாயம் 11: இருபத்து நாலு காட்டிய மீட்டர்

யாராவது மணி கேட்டால் கருப்பசாமி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு சுவர்க் கடிகாரத்தையும் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்ட மனிதர் அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தப்பு செய்தார். செய்தது அவருக்கே தெரியாது. தெரிந்தபோது மதியச் சாப்பாடு பாதித் தட்டில் இருந்தது.

போன வாரம் ஊருக்குப் போய்விட்டவர்களுக்காகச் சில வரிகள். கோவில்பட்டிக்காரரான கருப்பசாமி இருபத்திரண்டு வருடமாக ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்ரஷர் பகுதியைக் கவனித்து வருகிறார். மனைவி வீரலட்சுமி இன்னொரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறார். மகள் தர்ஷினிக்குப் பத்தொன்பது வயது, ஓசூர் பெண்கள் ஹாக்கி அணியின் நடுக்களத்தில் ஆடுகிறாள்.

அந்த அணி போன வருடம் மூன்று ஆட்டங்களில் தோற்றது. மூன்றுமே கடைசிக் குவார்ட்டரில். முக்கால் ஆட்டம் வரை பறந்த பெண்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பந்து பக்கத்தில் வந்தாலும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயிற்சியாளர் சுஜாதா எங்கெங்கோ விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மலை உச்சியில் இருப்பது போல ஆக்சிஜன் குறைந்த காற்றில், திரும்பத் திரும்ப வேகமாக ஓடிப் பழகினால், கீழே வந்து ஆடும்போது கால் சீக்கிரம் ஓயாதாம். மலைக்குக் கூட்டிப்போகப் பணம் கிடையாது. ஆனால் நைட்ரஜன் கலந்து ஒரு அறைக்குள்ளேயே மலையைக் கொண்டுவரத் தெரிந்த ஆள் அதே ஊரில் இருந்தார்.

விளையாட்டு அறக்கட்டளை ஒன்று ஷெட் கொடுத்தது. கருப்பசாமி அறையைக் கட்டினார். உள்ளே நாலு சைக்கிள், வெளியே ஒரு கட்டுப்பாட்டு கேபின், கையில், அறைக் காற்றைக் குழாய் வழியாக இழுத்து அளக்கிற ஆக்சிஜன் மீட்டர்.

வீரலட்சுமிக்கு இந்த அறை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "நைட்ரஜன் டேங்க் பக்கம் ஆள் போனாலே பர்மிட் கேக்கிற மனுசன், பெத்த புள்ளைய அதுக்குள்ள அனுப்புறீங்க" என்று சண்டை போட்டார். சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார், அம்மாவுக்கான கோடு காலியாகவே இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டார். மகள் உள்ளே இருக்கும்போது மீட்டர் பக்கத்தில் கருப்பசாமிதான் நிற்க வேண்டும், வேறு யாரும் கூடாது. அவரும் வாக்குக் கொடுத்தார். அங்கேதான் போன வாரம் நிறுத்தினோம்.

வெள்ளிக்கிழமை தேர்வு நாள். தென்மண்டலப் போட்டிக்கான அணியில் ஆறு இடம் பாக்கி. ஆறு இடத்துக்கு எட்டுப் பெண்கள். அறைக்குள் மூன்று சுற்று மிதிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு விநாடி உயிரைக் கொடுத்து மிதி, இருபது விநாடி மூச்சு வாங்கு, இப்படிப் பத்து தடவை. மூன்று சுற்றையும் முடிப்பவர்களுக்கு முதல் உரிமை. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அந்த விரல் கிளிப்பை எல்லோரும் மாட்டியிருப்பார்கள். அதில் எண்பதுக்குக் கீழே போனால் அந்தப் பெண் உடனே நிறுத்திவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் போய்விடும்.

அறைக்குள் ஆக்சிஜன் பதினாறு சதவீதம். ஓசூரே மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் அதற்கு மேல் குறைக்கத் தேவையில்லை என்று கருப்பசாமி கணக்குப் போட்டு வைத்திருந்தார். அன்று காலையும் வழக்கம்போல மீட்டரை மைதானத்துக்கு எடுத்துப்போய், வெளிக்காற்றில் காட்டி, பொத்தானை அமுக்கி, வெளிக்காற்றுக்கு உரிய இருபது புள்ளி ஒன்பது சதவீதம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முதல் நால்வர் நன்றாக முடித்தார்கள். வியர்வையோடு கதவைத் திறந்து வெளியே வந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மீட்டர் பேட்டரி தீர்ந்துபோகிறேன் என்று கத்தியது. கருப்பசாமி புதுப் பேட்டரி போட்டார். பேட்டரி மாற்றினால் மறுபடி செட் பண்ண வேண்டும். வெளியே தூறல். அறக்கட்டளை மேலாளர் குருமூர்த்தி கேபின் வாசலில் நின்று, பத்தரைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். கருப்பசாமி மீட்டரை மேசையில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். இருபது புள்ளி ஒன்பது வந்தது. அடுத்த நால்வரை உள்ளே அனுப்பினார்.

அதில் தர்ஷினியும் இருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி காவேரியும் இருந்தாள்.

முதல் சுற்றிலேயே தர்ஷினிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக ஏழாவது மிதிக்கு வருகிற தொடை எரிச்சல் மூன்றாவதிலேயே வந்துவிட்டது. இருபது விநாடி ஓய்வு இரண்டு விநாடி போலத் தீர்ந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் அவள் கிளிப் எழுபத்தாறு காட்டியது. காவேரிக்கு எழுபத்தேழு. மற்ற இருவருக்கும் அதே கதை. சுஜாதா கண்ணாடிக்கு வெளியே கையை உயர்த்தி நால்வரையும் நிறுத்தினார். காவேரி வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

"ஆயித்து" என்றார் சுஜாதா, முடிந்தது என்ற அர்த்தத்தில். கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகைக்காரரான அவருக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் முதலில் வரும். அவருக்குக் காரணமும் தயாராக இருந்தது. இந்த நாலு பேரும் நேற்று சாயங்காலம் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய், ராட்டினம் ஏறி, மாம்பழ ஐஸ்கிரீம் தின்று, ராத்திரி பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். தேர்வுக்கு முதல் நாள் கண்காட்சியா என்று சத்தம் போடவில்லை. நோட்டில் நாலு பெயருக்கு எதிரேயும் 'முடிக்கவில்லை' என்று எழுதினார். மீதி இரண்டு இடத்துக்குப் போன வருட அணியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அது சத்தம் போடுவதைவிட மோசமாக இருந்தது.

குருமூர்த்தி விருந்தாளிகளைக் கூட்டிப்போய் ஷெட்டைக் காட்டிவிட்டு, பதினோரு மணிக்குப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற வீட்டுக்குப் பைக்கில் வந்து வாசலில் இறங்கியதும் தர்ஷினி பேசினாள்.

"அப்பா, இன்னிக்கு ரூம் வேற மாதிரி இருந்துச்சு."

"பதினாறுதான் தாயி. நான்தான பாத்துக்கிட்டு நின்னேன்."

"கண்காட்சிக்குப் போனது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா பத்து நாளா அதே ரூம்ல மிதிக்கிறேன், எனக்குத் தெரியாதா? மீட்டர் சொல்றத நம்புறீங்க, நான் சொல்றத நம்ப மாட்டேங்கிறீங்க."

கருப்பசாமி கை கழுவப் போனார். மகள் தோல்விக்குச் சாக்குத் தேடுகிறாள் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காக அவருக்கு வருத்தமாகவும் இருந்தது. வருத்தம் வந்தால் அவர் அதிகமாகச் சாப்பிடுவார். அன்றைக்கும் சோற்றை மலையாகக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீரலட்சுமிக்கு இரண்டரை மணி ஷிப்ட். சீருடையைப் போட்டுக்கொண்டே நடந்ததை எல்லாம் கேட்டார். நாலு பேருமா என்று ஒரு தடவை கேட்டார். நாலு பேரும்தான் என்றாள் மகள். முதல் நாலு பேர் ஒழுங்காக முடித்தார்களா என்று கேட்டார். முடித்தார்கள். நடுவில் என்ன மாறியது என்று கேட்டார். ஒன்றும் மாறவில்லை, பேட்டரி மாற்றினேன், அவ்வளவுதான் என்றார் கருப்பசாமி.

வீரலட்சுமி பொத்தான் போடுவதை நிறுத்தினார்.

"மாத்திட்டு எங்கன வச்சு செட் பண்ணுனீங்க?"

கருப்பசாமியின் கை குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டது.

அவருக்குத் தன் தொழிற்சாலை கண்முன் வந்தது. அங்கே கம்ப்ரஷர் ஷெட்டுக்கு நாலு பக்கமும் சுவரே கிடையாது, கம்பி வலைதான். மேசையில் வைத்து மீட்டரை செட் பண்ணினால் அது வெளிக்காற்றில் செட் பண்ணுவதுதான். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறார். இங்கேயும் மேசையைப் பார்த்ததும் கை அதே வேலையைச் செய்துவிட்டது. ஆனால் இந்த கேபினுக்குச் சுவர் இருக்கிறது. தூறலுக்காக ஜன்னல்கள் சாத்தியிருந்தன. முதல் நால்வர் வெளியே வந்தபோது திறந்த அறைக் கதவு திறந்தே கிடந்தது. அறையின் காற்று முழுக்க கேபினுக்குள் வந்து நிறைந்திருக்கும். அந்தக் குறைந்த காற்றைக் காட்டி, இதுதான் நல்ல காற்று என்று மீட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அப்படியென்றால் மீட்டர் பதினாறு என்று காட்டியபோது உள்ளே பதினாறு இல்லை. அதற்கும் கீழே.

அவருக்குப் பயம் அப்போதுதான் வந்தது. பதினைந்துக்குக் கீழே போனால் அலற வேண்டிய அலாரம் வாயே திறக்கவில்லை. அந்த விரல் கிளிப் மட்டும் இல்லாதிருந்தால் நாலு பிள்ளைகளில் யாராவது சைக்கிளிலேயே மயங்கிச் சரிந்திருப்பார்கள். அதில் ஒருத்தி தன் பிள்ளை. மீட்டர் பக்கத்தில் நின்றது தான். வாக்குக் கொடுத்து நின்றது.

"எங்க லைன்ல ஷிப்டுக்கு ரெண்டு தடவ அளக்கிற கேஜை, அளவு சரியாத் தெரிஞ்ச மாஸ்டர் பீஸ்ல வச்சுப் பாப்போம்" என்றார் வீரலட்சுமி. "தப்பாக் காட்டுச்சுன்னா, கடைசியா சரியாக் காட்டுன நேரத்துல இருந்து அதுவரைக்கும் அளந்த சரக்கு அத்தனையும் ஹோல்டு. நல்லதுமில்ல, கெட்டதுமில்ல. திரும்ப அளக்கிற வரைக்கும் யாரும் அத ரிஜெக்ட்டுன்னு சொல்லக் கூடாது."

தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். பத்து நாளாக இந்த அறையின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, இப்போது அவளுக்காக வாதாடுகிறாள் என்பது புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

வீரலட்சுமி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டார். கருப்பசாமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு விஷயம் அவரை அரித்தது. உண்மையைச் சொன்னால் பயன் முதலில் தன் மகளுக்குத்தான். யார் நம்புவார்கள்? அதையும் சொன்னார்.

"நீங்க மீட்டரைத் தொடாதீங்க. அது போதும்" என்றார் வீரலட்சுமி.

இரண்டு மணிக்கு மூன்று பேரும் மைதானத்தில் இருந்தார்கள். மழை விட்டிருந்தது. சுஜாதா அலுவலக அறையில் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், குருமூர்த்தி பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பசாமி சுற்றி வளைக்கவில்லை. காலையில் மீட்டரைத் தப்பான இடத்தில் செட் பண்ணிவிட்டேன், இரண்டாவது நாலு பேர் மிதித்தது வேறு காற்றில், தப்பு என்னுடையது என்றார்.

குருமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பொண்ணு தோத்ததும் மீட்டர் கெட்டுப்போச்சா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தும் கருப்பசாமிக்கு முகம் சிவந்தது. நியாயமான கேள்வி என்றார். ஷெட்டைத் திறந்து, மீட்டரைச் சுஜாதாவே கையில் எடுத்து, மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் நிற்கட்டும், தான் பத்தடி தள்ளியே நிற்கிறேன் என்றார்.

அப்படியே செய்தார்கள். சுஜாதா மீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு ஈரப்புல்லில் நடந்தார். எண் ஏறிக்கொண்டே போனது. இருபத்து ஒன்று. இருபத்து மூன்று. கடைசியில் இருபத்து நாலு புள்ளி மூன்றில் போய் நின்றது.

"ஜாஸ்தி ஆக்சிஜன்னா நல்லதுதானே?" என்றார் குருமூர்த்தி.

"சார், கோவில்பட்டியிலயும் இருபது புள்ளி ஒம்பதுதான், ஓசூர்லயும் அதேதான். இமயமலை உச்சியில போய் நின்னாலும் அந்த சதவீதம் மாறாது. அங்க காத்தே மெலிசு, அதான் மூச்சு வாங்குது. திறந்த வெளியில இருபத்து நாலு காட்டுற மீட்டர் பொய் சொல்லுது." கருப்பசாமி விரலில் கணக்குப் போட்டார். "இது பதினாறு காட்டுனப்ப உள்ள பதிமூணு புள்ளி எட்டுதான் இருந்திருக்கும். என் தொழிற்சாலையில அப்படி ஒரு இடத்துக்கு நான் ஈயைக்கூட அனுப்ப மாட்டேன்."

குருமூர்த்தி விடவில்லை. அவருடைய வேலையே விடாமல் இருப்பதுதான். நடுவில் வந்து மீட்டரை மாற்றி வைத்திருக்கலாமே என்றார்.

"சாவி பதினோரு மணியில இருந்து உங்க பாக்கெட்லதான சார் இருந்துச்சு" என்றாள் தர்ஷினி.

குருமூர்த்தி தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

சுஜாதா இதற்குள் நோட்டைப் புரட்டியிருந்தார். முதல் நால்வரின் விரல் எண்கள் எண்பத்து நாலிலிருந்து எண்பத்தாறு வரை. அடுத்த நால்வருக்கு எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தாறு. ராத்திரித் தூக்கம் நாலு பேருக்கும் ஒரே அளவாகவா கெட்டிருக்கும்? அதைக் காலையிலேயே தான் கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கவும் தெரியாதவர் அவர்.

"தப்பு உங்களது மட்டும் இல்ல அண்ணா. ஐஸ்கிரீம் மேல பழியப் போட்டுட்டு நான் யோசிக்கல" என்றார்.

நாலு பெயருக்கு எதிரே இருந்த 'முடிக்கவில்லை'யை அடித்துவிட்டு, வீரலட்சுமி தங்கள் லைன் வழக்கத்தைச் சொல்ல, அதன்படி 'ஹோல்டு' என்று எழுதினார். போட்டி அமைப்பாளர்களுக்குப் போன் செய்து திங்கட்கிழமை மாலை வரை நேரம் வாங்கினார். கருப்பசாமி அறையின் பதிவேட்டைத் திறந்து, தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் எழுதி, 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார். எழுதி முடித்தபோது மதியத்திலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

குருமூர்த்தி பதிவேட்டை வாங்கிப் படித்தார். இனிமேல் மீட்டரை ஒருவர் பார்த்தால் போதாது, இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை அறை திறக்காது என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமைக்குள் அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது?

சுஜாதா யோசிக்கவே இல்லை. "இவங்க இருக்காங்கல்ல" என்று வீரலட்சுமியைக் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு ஆச்சே" என்றார் குருமூர்த்தி.

"அந்த வீட்லதான் சார் ஒருத்தர ஒருத்தர் நம்பாம கேள்வி கேக்கறாங்க. இங்க நாம யாரும் கேக்கல" என்றார் சுஜாதா.

கருப்பசாமி சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். வீரலட்சுமி சிரிக்கவில்லை. எந்த அறைக்குள் காலே வைக்க மாட்டேன் என்று சொன்னாரோ, அதன் கண்ணாடி வழியாக நாலு சைக்கிளையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை தான் காலையில் இங்கே இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

சுஜாதா மற்ற மூன்று வீட்டுக்கும் போன் செய்தார். இரண்டு வீடு சரி என்றது. மூன்றாவது பேரிகையில் காவேரியின் அப்பா கிருஷ்ணப்பன். தக்காளித் தோட்டத்தில் நின்றுகொண்டு, தெலுங்கும் கன்னடமும் தமிழுமாக ஐந்து நிமிடம் கத்தினார். வாந்தி எடுத்த பிள்ளையை மறுபடி அதற்குள் அனுப்புவதா என்று கேட்டார். திங்கட்கிழமை தானே நேரில் வருவதாகவும், மீட்டர் பார்க்கிற அந்த அம்மா முதலில் தன் சொந்த மகளின் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் காவேரியை உள்ளே விடுவதாகவும், இல்லையென்றால் அப்படியே ஊருக்குக் கூட்டிப்போய்விடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார்.

எல்லோரும் வீரலட்சுமியைப் பார்த்தார்கள். குருமூர்த்தி கோப்பிலிருந்து தர்ஷினியின் சம்மதப் படிவத்தை உருவி மேசையில் வைத்தார். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அம்மாவுக்கான கோடு காலியாக இருந்தது. அவர் பேனாவையும் நீட்டினார்.

வீரலட்சுமி பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். பிறகு மறுபடி மூடிப் படிவத்தின் மேலேயே வைத்தார்.

"பாக்காத மீட்டருக்கு நான் கையெழுத்துப் போடுறதில்ல சார். திங்கக்கிழம காலையில வெளியில வச்சுப் பாப்பேன். சரியா இருந்தா மொதல்ல நான் உள்ள போய் உக்காருவேன். அப்புறமாத்தான் இது."

குருமூர்த்தி முதல் தடவையாகத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் கருப்பசாமி மனைவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வாக்குக் குடுத்துட்டு..." என்று தொடங்கி நிறுத்தினார். ஷிப்டுக்கு நேரமாகிறது, பைக்கை எடுங்க, வீட்டில் பேசலாம் என்றார் வீரலட்சுமி. அந்தப் பேச்சு சின்னதாக இருக்காது என்று கருப்பசாமிக்குத் தெரிந்தது. ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்ததும் வீரலட்சுமி அவர் தோளில் கை வைத்துக்கொண்டார், அது வழக்கத்தில் இல்லாதது.

தர்ஷினி பைக்கில் ஏறவில்லை. நடந்து வருகிறேன் என்றாள். ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். நாலு பேருக்கு இரண்டு இடம். அதில் ஒருத்தி காவேரி. காவேரி வருவாளா என்பதே தெரியாது, வந்தால் அவளைவிட வேகமாக மிதிக்க வேண்டியிருக்கும். கண்காட்சி, மழை, மீட்டர் எதையும் இனி சொல்ல முடியாது. திங்கட்கிழமை அம்மா பதினாறு என்றால் அது பதினாறுதான்.

அவளுக்குப் பயமாக இல்லை. சரியான காற்றில் தன்னால் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறைக்குள் முதலில் போய் உட்காரப்போகிறவள் அம்மா என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். மூக்கண்டப்பள்ளி வரை நடக்கிறேன் என்றவள், மைதானத்து கேட்டைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள்.